பன்னிரண்டாம் இடத்துக்கு நழுவிய செவ்வாய்

நான் அனுப்பியது ஒரு கட்டம். நாமக்கல்லில் போய்ச் சேர்ந்தது வேறொரு கட்டம். வழியில் ஓர் எழுத்தும் கூடவில்லை, ஓர் எழுத்தும் குறையவில்லை. எழுத்துகளுக்கு இடையே நான் விட்டிருந்த வெற்றிடம் மட்டும் சுருங்கிற்று. அந்தச் சுருக்கத்துக்குள் என் மகளின் திருமணப் பேச்சு அகப்பட்டு நசுங்கியது. சினம் ஆறிய பிறகு எழுதலாம் என்று சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். அது ஆறுவதாக இல்லை. ஆகவே ஆறாமலேயே எழுதுகிறேன். ஊரில் இருந்து இதைப் படிப்போர் பொறுத்தருள வேண்டும்.

1

செருமனியில் ஞாயிற்றுக்கிழமை என்பது ஓசையை அடைத்துவைக்கும் நாள். கடைகள் திறப்பதில்லை, சுவரில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனுக்கும் அன்றுதான் சம்மட்டி ஓயும். ஆகவே இருவரும் பேசிக்கொள்வது ஞாயிறு காலையில்.

"சாமி, சாப்ட்டியா?"

"இங்க இப்பத்தான் விடிஞ்சிருக்குதுங்கண்ணா."

"பரமத்திக்காரங்க கூப்ட்டாங்க." அவர்கள்தாம் மாப்பிள்ளை வீட்டார். அண்ணன் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பதுபோல: "பொருத்தம் சரிப்படலயாமா. செவ்வா பன்னண்டுல உக்காந்திருக்குதாமா, தோஷமாமா. பையனுது சுத்த ஜாதகமாம். மனசுல வெச்சுக்க வேண்டாம்னாங்க."

"ஆரு ஜாதகத்துலீங்கண்ணா பன்னண்டுல?"

"நம்ம இளவேனிலுதுதான். வேற ஆருது?"

இளவேனில் என் ஒரே மகள். அவளுக்கு நடக்கத் தெரியாத வயதில் இங்கே வந்தோம். அவள் பிறந்த கட்டத்தில் செவ்வாய் பதினொன்றாம் இடத்தில், விருச்சிகத்தில், தன் சொந்த வீட்டில் ஆட்சியாக நிற்கிறான். அதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சாதகத்தை நான் நம்புகிறேனா என்பது வேறு கேள்வி. ஆனால் ஒன்றை அது நிற்கும் இடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைத்துப் படித்துவிட்டு, அதன்மேல் தீர்ப்பும் சொல்வதை நான் ஒருநாளும் ஒப்பியதில்லை. பாட்டிலும் ஒப்பியதில்லை, வாழ்க்கையிலும் ஒப்பியதில்லை.

"அப்புடி இருக்காதுங்கண்ணா. நான் பதினொண்ணுலதான் போட்டு அனுப்புனேன்."

"நீ அனுப்புனதத்தான் சாமி குடுத்தேன். ஒரு எழுத்து மாத்துல."

அவர் பொய் சொல்லவில்லை. என் சினம் அங்கேதான் தொடங்குகிறது.

2

நான் இங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், தெற்காசிய மொழி நூல்களைப் பட்டியலிடும் பணியில் இருக்கிறேன். அங்கே எங்கள் மின்னஞ்சல் செயலி மிகப் பழையது. நிறம் இல்லை, படம் இல்லை, தடித்த எழுத்து இல்லை, சிரிக்கும் முகங்கள் இல்லை. எழுத்தும் வெற்றிடமும் மட்டுமே கொண்ட வெற்றுரை. இளையவர்கள் அதைப் பார்த்து நகைப்பார்கள். எனக்கோ அதுவே உரைநடையின் ஒழுக்கம் என்று தோன்றும். சொல்ல வேண்டியதைச் சொல்லால் சொல், சாயம் பூசாதே. வீட்டுக் கணினியிலும் அந்தச் செயலியையே வைத்திருக்கிறேன்.

அந்தத் திரையில் எழுத்துரு சம அகலம் கொண்டது. அதாவது ஒல்லியான எழுத்துக்கும் பருத்த எழுத்துக்கும் வெற்றிடத்துக்கும் அடிக்கோட்டுக்கும் ஒரே அளவு இடம். சேலத்தில் தமிழ் படித்த நாள்களில் மாலைதோறும் தட்டச்சுப் பயிலகத்துக்குப் போனவன் நான். எந்த விசையை அழுத்தினாலும் உருளை ஒரே அளவுதான் நகரும். தேர்வின் இரண்டாம் தாளில் ஒரு கடிதமும் ஓர் அட்டவணையும் வரும். பல மாணவர் அட்டவணையில் விழுந்தார்கள். நான் விழவில்லை. வெற்றிடத்தை எண்ணி அடிப்பவனுக்கு அட்டவணை கோணாது என்பது என் கைவிரல்களில் ஏறிப்போன அறம்.

மற்ற வகை எழுத்துரு அகலம் மாறுவது. ஒவ்வோர் எழுத்தும் தன் உடம்புக்கு ஏற்ற இடத்தை எடுத்துக்கொள்ளும். அச்சுப் புத்தகத்துக்கு அது அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஒருவன் வெற்றிடத்தை எண்ணி எழுதியதை, அவனைக் கேளாமல், அவனுக்குச் சொல்லாமல், அகலம் மாறும் எழுத்துருவில் திறந்து காட்டுவது அழகன்று, அடாவடி. இன்றைய கைப்பேசிகளில் பெரும்பாலானவை அதைத்தான் செய்கின்றன. எழுதியவன் ஒரு திரையில் எழுதுகிறான். படிப்பவன் வேறொரு திரையில் படிக்கிறான். இடையில் இருக்கும் செயலி, "நான் எதையும் மாற்றவில்லையே" என்று கைகட்டி நிற்கிறது.

சம அகலத்தை வகுத்தவர்களையும் நான் விடப்போவதில்லை. அவர்கள் மனத்தில் இருந்தவை ஆங்கிலத்தின் ஒல்லி எழுத்துகள் மட்டும். அந்தக் குறுகிய அறைக்குள் நம் 'ணை' எப்படிப் படுக்கும், 'ஞௌ' எங்கே கால் நீட்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் நூலகத் திரையில் தமிழ் எழுத்து ஒன்றரை அறையும் பிடிக்கும், இரண்டே கால் அறையும் பிடிக்கும். சமம் என்று பெயர் வைத்துவிட்டு, நம்மை மட்டும் வாசலில் நிறுத்திய சமம் அது.

3

இந்நாட்டு அலுவலகம் எனக்கு முதலில் கற்பித்ததும் கட்டத்தைத்தான். வந்த புதிதில் ஊராட்சி அலுவலகத்தில், ஓர் எழுத்துக்கு ஒரு கட்டமாக என் பெயரை நிரப்பச் சொன்னார்கள். குடும்பப் பெயர் என்ன என்றார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, முதலெழுத்துதான் உண்டு, அது என் தந்தையாரின் பெயர் என்றேன். "அப்படியானால் அதுவே குடும்பப் பெயர்" என்று அந்த அம்மையார் எழுதிக்கொண்டார். பெயர் நீளமாக இருந்ததால் கடைசி எழுத்துகள் கட்டத்துக்கு வெளியே விழுந்தன. அன்று முதல் இந்த ஊர் என்னை என் தந்தையாரின் வால் நறுக்கிய பெயரால் அழைக்கிறது. மருத்துவமனையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் எழுந்து நிற்கிறேன். என் மகளும் எழுந்து நிற்கிறாள்.

அவள் வளர்ந்தது அந்தப் பெயரில். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதுகொண்டே போவாள். "நான் பசி வெச்சிருக்கேங்கப்பா" என்பாள். செருமானியர்கள் பசியை உடைமைபோல வைத்திருப்பார்கள். அந்த வழக்கை அப்படியே தமிழில் இறக்குவாள். நான் திருத்துவேன். அவள் முகம் சுருங்கும். ஒரு கட்டத்தில் தமிழில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு, நான் தமிழில் எழுதும் மின்னஞ்சலுக்குச் செருமன் மொழியில் விடை வந்தது.

அப்படிப்பட்டவள் சென்ற ஆண்டு, அண்ணன் வீட்டுத் திருமணத்துக்காக நாமக்கல் போய்வந்தாள். திரும்பியவளின் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை இருந்தது. பரமத்தியில் கோழிப்பண்ணை வைத்திருப்பவரின் மகன் கார்த்தி, கால்நடை மருத்துவன். திருமணப் பந்தியில் அறிமுகம். பிறகு மாதக்கணக்கில் பேச்சு. அவனுக்கு எழுதுவதற்காகவே அவள் எழுத்துக்கூட்டி எழுதக் கற்றாள். என்னிடமே வந்து, "அப்பா, 'கோழி'க்கு எந்த 'ளி' போடோணும்?" என்று கேட்டாள். எந்த 'ளி'யானாலும் போடம்மா என்று சொல்லத் தோன்றிற்று. ஆனால் திருத்தமாகவே சொல்லிக்கொடுத்தேன்.

"எனக்குப் புடிச்சிருக்குதுங்கப்பா. நீங்க பேசலாம்" என்று அவளே ஒருநாள் சொன்னாள். நான் வளர்த்த மொழி என்னைக் கடந்து வேறு வழியாக அவளிடம் திரும்பி வந்திருந்தது. பரமத்திக்காரர்கள் சாதகம் கேட்டபோது நான் தடை சொல்லாததன் காரணம் இதுதான்.

4

"ஒரு போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்புல போட்டுவுடு சாமி" என்றார் அண்ணன். மூலத்தாள் மடிப்புகளில் கிழிந்து, மை பரவி, படத்தில் சேறுபோல வந்தது. ஆகவே என் வெற்றுரைச் செயலியில் நானே அடித்து மின்னஞ்சலாக அனுப்பினேன்.

நம் பக்கத்துச் சாதகக் கட்டம் எல்லோரும் அறிந்தது. மேலே நான்கு வீடு, கீழே நான்கு வீடு, இரு பக்கமும் இரண்டிரண்டு, நடுவே வெறுமை. வீடுகள் இடம் மாறா. கோள்களே இடம் மாறும். மேல் இடக்கோடி மீனம், கீழ் வலக்கோடி கன்னி. கீழ் வரிசையில் இடப்புறம் முதலில் தனுசு, அடுத்து விருச்சிகம். என் மகளின் இலக்கினம் மகரம். அதிலிருந்து எண்ணினால் விருச்சிகம் பதினொன்று, தனுசு பன்னிரண்டு.

முதலில் வீடுகளுக்கிடையே நெடுங்கோடுகளும் போட்டேன். மேலே சொன்னேனே, தமிழ் எழுத்தின் அகலம் அறைக்கு அடங்காது. கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்று நில்லாமல் குடித்தவன்போல் நெளிந்தன. பார்க்கச் சகிக்கவில்லை, நீக்கினேன். மேலும் கீழும் அடிக்கோடுகளால் எல்லை கட்டி, உள்ளே வெற்றிடத்தை எண்ணி எண்ணி ஒவ்வொரு கோளையும் அதன் வீட்டில் நிறுத்தினேன். தனுசு வெறுமையாதலால் அதற்குரிய வெற்றிடத்தை விட்டு, பிறகு 'செ'. துலாத்தைக் கடந்து, கன்னியில் 'ரா'. மேலே மீனத்தில் 'கே'. ஒரு முற்பகல் முழுதும் சென்றது. என் திரையில் அது கல்வெட்டுப்போல நின்றது.

அந்தக் கட்டத்தை இங்கே வரைந்து காட்ட மாட்டேன். நீங்கள் இதை எந்த எழுத்துருவில் படிக்கப்போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒருமுறை பட்டது போதும்.

5

"சோசியரு பாத்த தாளப் படம் புடிச்சு அனுப்புங்கண்ணா" என்றேன். வந்தது.

அச்சிட்ட எழுத்துகளின்மேல் நேர்த்தியான பென்சில் கோடுகள். பன்னிரண்டு வீடுகளும் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல ஒத்திருந்தன. கீழ் வரிசையின் இடக்கோடியில், தனுசில், 'செ' உட்கார்ந்திருந்தது.

"கோடு ஆருங்கண்ணா போட்டது?"

"நாந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில பிரிண்டு எடுத்தேன். நீ கோடே போடாம அனுப்பியிருந்த. இப்புடியே குடுத்தா மரியாதையா இருக்காதுன்னு, பட்டறையில ஸ்டீல் ஸ்கேல் வெச்சு, மேல நீ போட்ட கோட்டு நீளத்த அளந்து, சரியா நாலாப் பிரிச்சேன். ஒரு நூலு கூடக் கொறையில்ல சாமி. லாரி சைடு பலகைக்கே அப்புடித்தான கட்டம் பிரிப்போம்?"

அவர் குரலில் பெருமிதம் இருந்தது. அவர் அளந்தது சரி. பிரித்தது சரி. என் திரையில் அடிக்கோடும் வெற்றிடமும் ஒரே அகலம். அந்தக் கடைக் கணினியின் எழுத்துருவிலோ வெற்றிடம் அடிக்கோட்டில் பாதி. எல்லைக்கோடு நீண்டு நிற்க, உள்ளே இருந்தவை எல்லாம் இடப்புறமாகச் சரிந்துவிட்டன. சரிந்தவற்றைச் சுற்றி என் அண்ணன் பிழையற்ற கோடு போட்டுவிட்டார்.

வார இறுதிக்கு வந்திருந்த மகள் தனக்கும் ஒரு படி வந்திருந்த அந்த அஞ்சலைக் கைப்பேசியில் திறந்து என் திரையருகே பிடித்தாள். இரண்டும் ஒரே அஞ்சல், இரண்டு கட்டம்.

"இதானுங்கப்பா?" என்றாள். "இதுக்கா என்னய வேண்டாம்னாங்க? ஸ்பேஸ் சின்னதாப் போச்சுன்னா?"

நான் அண்ணன் அனுப்பிய படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. கன்னியில் நிற்க வேண்டிய இராகு விருச்சிகத்துக்கு நகர்ந்திருந்தான். ஓரத்தில் இருந்த கேது மீனத்திலேயே இருந்தான். இராகுவும் கேதுவும் எப்போதும் நேர் எதிரே நிற்பவர்கள். ஒருவரிலிருந்து மற்றவர் ஏழாம் வீடு. இதைப் படிக்காதவரும் அறிவர். அவ்விருவரும் எதிரெதிரே நில்லாத நேரத்தில் இவ்வுலகில் ஒரு குழந்தையும் பிறந்ததில்லை, பிறக்கவும் போவதில்லை. அந்தத் தாளில் இருந்தது என் மகளின் சாதகமன்று. எந்த மனிதப் பிறவியின் சாதகமும் அன்று. பிறக்கவே முடியாத ஒருத்தியின் கட்டத்தைப் பார்த்து, பிறந்து வளர்ந்து தமிழ் கற்றுக்கொண்டிருந்த ஒருத்தியை வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

செயலிமேல் இருந்த என் சினம் அக்கணத்தில் இரண்டாகக் கிளைத்தது.

6

அண்ணன் என் அஞ்சலைத் திறந்த செயலியை ஆக்கிய நிறுவனத்துக்கு எழுதினேன். முறையான, நீண்ட கடிதம். சம அகலத்தில் எழுதியதைச் சம அகலத்தில் காட்டுங்கள். இயலாவிடில், "எழுதியவர் திரையில் இது வேறு விதமாக இருந்திருக்கலாம்" என்று ஒரு வரியேனும் சொல்லுங்கள் என்று கேட்டேன். விடை வந்தது. செய்தியின் உள்ளடக்கம் முழுமையாகச் சேர்ந்திருக்கிறது. தோற்றம் பெறுநரின் கருவியைப் பொறுத்தது. ஆகவே குறை ஏதும் இல்லை. கோப்பு முடிக்கப்பட்டது.

உள்ளடக்கமாம்! வெண்பாவின் ஈற்றடி முச்சீரோடு நிற்கிறதே, அந்த நான்காம் சீரின் இன்மை உள்ளடக்கமா, தோற்றமா? எண்ணி விட்ட வெறுமை வேறு, பிழையால் வந்த வெறுமை வேறு. தனுசு வெறுமையாக இருக்கிறது என்பது என் மகளின் கட்டத்தில் ஒரு செய்தி. அதைப் பாதியாகச் சுருக்கிவிட்டு, "எழுத்தெல்லாம் இருக்கிறதே" என்பவனிடம் எதைப் பேசுவது? பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தது, வேறு வீட்டில் சேர்ந்தது, அவ்வளவுதான் என்பதைப்போல.

பரமத்திக்குத் திருத்திய கட்டம் போயிற்று. இம்முறை வீட்டின் பெயரைச் சொல்லி வாக்கியமாகவே எழுதினேன்: செவ்வாய் விருச்சிகத்தில் உள்ளார், இராகு கன்னியில் உள்ளார். இரண்டு நாளில் கார்த்தியின் தந்தையார் என்னைத் தொலைபேசியில் நேராகவே அழைத்துவிட்டார்.

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா? ஜோசியரு பாத்துட்டாருங்க. செவ்வா ஆட்சியாமுங்க. அருமையான ஜாதகமுங்க. வைகாசியிலயே வெச்சுக்கலாமுங்க."

"ஒண்ணு கேக்கலாமுங்களா? ராகுவும் கேதுவும் எதிரெதிரா இல்லாத ஜாதகத்த உங்க ஜோசியரு மொதல்ல எப்புடிங்க படிச்சாரு?"

அவர் மனம் நிறையச் சிரித்தார். "அதெல்லாம் ஆருங்க பாக்கறாங்க? பொண்ணு ஜாதகம்னா மொதல்ல செவ்வாயத்தானுங்க தேடுவாங்க. கெடச்சுதுன்னா மூடி வெச்சிருவாங்க."

இத்தனை ஆண்டுப் புலமையில் இதற்கு இணையான ஒரு தெளிவான வாக்கியத்தை நான் எழுதியதில்லை. தேடியது கிடைத்தால் மூடிவைத்துவிடுவார்கள். மகளிடம் சொல்லிவிட்டு அழைப்பதாகக் கூறி வைத்தேன்.

7

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் எண்ணினேன். மகளிடம் சொன்னபோது அவள் கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். கார்த்தியும் எழுதியிருந்தான்: இனி சிக்கல் இல்லை, சரியாகிவிட்டது, எப்போது வருகிறாய்.

"வேண்டாம்னு சொன்னன்னிக்கு அவருக்குப் போன் பண்ணுனேங்கப்பா. 'அப்பா சொல்றாரு, நான் என்ன பண்றது'ன்னாரு. கட்டத்தப் பாத்தியான்னு கேட்டேன். பாக்கலன்னாரு." அவள் குரல் உயரவில்லை. "செவ்வாயாவது எடம் சுருங்குனதால நவுந்துச்சு. இவரு எதுக்கு நவுந்தாரு?"

"அவங்க வீட்டுல அப்புடிம்மா. பெரியவங்க பேச்சு..."

"இப்ப பெரியவங்க சரின்னதும் திரும்பி வந்துட்டாரு. நாளைக்கு வேற எதாவது பன்னண்டுல போய் உக்காந்தா?"

நான் அந்தச் செயலியின்மேல் கொண்டிருந்த முழுச் சினமும் அவளிடம் அமைதியாக உட்கார்ந்திருந்தது. ஆனால் செயலியின்மேல் அன்று. அந்தத் திருமணத்தை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை அப்போதுதான் அறிந்தேன். அவள் தமிழுக்குத் திரும்பிய வழி அது. வழி அடைபட்டால் மொழியும் போய்விடுமோ என்ற அச்சம் எனக்கு.

அவள் என் கணினிமுன் அமர்ந்தாள். என் பழைய வெற்றுரைச் செயலியிலேயே கார்த்தியின் தந்தையாருக்கு எழுதினாள். பெரியப்பாவுக்கு ஒரு படி. எழுத்துக்கூட்டி, ஒரு விரலால், தமிழில்:

எனக்கு வேண்டாமுங்க. இளவேனில்.

அவ்வளவுதான். எழுத்துவழக்கு அன்று, 'வேண்டாம்' என்று முடிந்திருக்க வேண்டும். விளி இல்லை, வணக்கம் இல்லை, காரணம் இல்லை. என் கை பழக்கத்தால் விசைப்பலகையை நோக்கி நீண்டது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நான் அதைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன். அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு காலை அண்ணன் அழைத்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"புள்ள எழுதுனது வந்துச்சு சாமி. போன்லயும் பாத்தேன், கடையில பிரிண்டும் எடுத்துட்டேன்." பட்டறையில் நின்று பேசுகிறார் போலும்; ஏதோ ஓர் இரும்பை மேசைமேல் வைக்கும் ஓசை கேட்டது. "ஏஞ்சாமி, இதுக்கும் கோடு போடோணுமா?"

"வேண்டாங்கண்ணா," என்றேன். "அது வெச்ச எடத்துலயேதான் இருக்குது."